ஹென்லியில் கோடை: படகுப் போட்டியா, கலைவிழாவா?

இங்கிலாந்தில் தேம்ஸ் நதிக்கரையில் இருக்கும் பழைய சந்தை ஊர் ஹென்லி. கோடையில் அங்கே போவதாக இருந்தால், எந்த வாரம் என்பதை முதலில் முடிவு செய்துவிடுங்கள். ராயல் ரெகாட்டா படகுப் போட்டி முடிந்த கையோடு அதே கரையில் கலைவிழா வந்துவிடும்.

ரெகாட்டா 1839-ல் தொடங்கியது. ஒரு நேரத்தில் இரண்டே படகுகள் போட்டியிடும். தோற்றால் அத்தோடு சரி, மறுவாய்ப்பு கிடையாது. தூரம் 2,112 மீட்டர், ஒலிம்பிக் பந்தயத்தைவிட 112 மீட்டர் அதிகம். ஸ்டூவர்ட்ஸ் என்குளோஷர் என்ற பகுதி உறுப்பினர்களுக்கும் அவர்களுடைய விருந்தினர்களுக்கும் மட்டும். ஆண்களுக்கு அங்கே கோட்டும் டையும் கட்டாயம். அந்தக் கெடுபிடி வேண்டாமென்றால் கரையோர நடைபாதை இருக்கிறது, காசு கிடையாது. என்னைக் கேட்டால் அதுதான் நல்ல இடம். எட்டுப் பேர் வலிக்கும் படகில் எட்டுத் துடுப்புகளும் ஒன்றாகத் தண்ணீரில் இறங்கும் சத்தம் பக்கத்திலேயே கேட்கும். படகின் முனை முன்னே போவதும் பின்தங்குவதும் கண்ணெதிரே தெரியும்.

கலைவிழா 1980-களில் வந்தது. ஆற்றில் மிதக்கும் மேடை, இசை, நகைச்சுவை, ஓவியங்கள் என்று மாலை நேரம் ரம்மியமாகப் போகும். ஆனால் டிக்கெட் வாங்கியாக வேண்டும், விருந்துக்குப் போவதுபோல உடுத்த வேண்டும்.

இசைப் பிரியர்கள் தயங்காமல் கலைவிழாவுக்குப் போகலாம். குழந்தைகளோடு, கையைக் கடிக்காமல் பார்க்க நினைப்பவர்களுக்கு ரெகாட்டாதான். இறுதிப் போட்டி ஞாயிற்றுக்கிழமை. ஆனால் நாள் முழுக்கப் பந்தயம் பார்க்க ஆரம்ப நாட்களே மேல்.