ஐடிஇ திறக்கும்போதே மெமரி பிழையா? ஹீப்பைக் கூட்டுவதா, குறைப்பதா, ரேம் வாங்குவதா

நிரல் எழுத உதவும் மென்பொருளான ஐடிஇ, அதாவது எக்ளிப்ஸோ ஆண்ட்ராய்டு ஸ்டூடியோவோ, திறக்கும்போதே மெமரி போதவில்லை என்று நின்றுவிட்டால், யாரைக் கேட்டாலும் வரும் முதல் பதில் "எக்ஸ்எம்எக்ஸைக் கூட்டு", அதாவது ஜாவா நிரலுக்கு ஒதுக்கும் மெமரியான ஹீப்பின் உச்ச வரம்பை ஏற்று, என்பதுதான். திறந்து வேலை பார்க்கும்போது விழுந்தால் அது பெரும்பாலும் சரியான பதில். திறக்கும்போதே விழுகிறது என்றால் பெரும்பாலும் தவறான பதில். 8 ஜிபி லேப்டாப்பை வைத்துப் படிக்கும் பிள்ளைகள் இந்த ஒரு வரி அறிவுரையை நம்பி எண்ணை ஏற்றிக்கொண்டே போவதைப் பார்க்க வருத்தமாக இருக்கிறது.

முதலில் பிழைச் செய்தியை முழுதாகப் படியுங்கள். "ஜாவா ஹீப் ஸ்பேஸ்" என்று வந்தால், ஜாவா நிரல்களை ஓட்டும் ஜேவிஎம் எழுந்துவிட்டது, அதற்கு ஒதுக்கிய ஹீப்தான் போதவில்லை என்று பொருள். பெரிய ஒர்க்ஸ்பேஸை (புராஜெக்ட்கள் இருக்கும் ஃபோல்டரை) திறக்கும்போது எக்ளிப்ஸில் இது வரும். இதற்குக் கூட்டுவதுதான் மருந்து. "குட் நாட் ரிசர்வ் இனஃப் ஸ்பேஸ்" என்றோ, "இன்சஃபிஷியன்ட் மெமரி ஃபார் த ஜாவா ரன்டைம்" என்றோ வந்தால் கதை வேறு. ஜேவிஎம் கேட்டது, ஆப்பரேட்டிங் சிஸ்டம் தர மறுத்தது. தர மறுத்தவரிடம் இன்னும் அதிகமாகக் கேட்டு என்ன பயன்?

கூட்டுவதும் குறைப்பதும்

ஹீப்புக்கு இரண்டு எண்கள். எக்ஸ்எம்எஸ் தொடக்க அளவு, எக்ஸ்எம்எக்ஸ் உச்ச வரம்பு. 64 பிட் விண்டோஸில் உச்ச வரம்பு என்பது முகவரியை மட்டும் பிடித்து வைப்பது. தொடக்க அளவு அப்படி இல்லை. அதைத் தருவதாக விண்டோஸ் அந்த நொடியே உறுதி கொடுத்தாக வேண்டும். ஆகவே திறக்கும்போதே விழும் கேஸில் முதல் சந்தேகம் எக்ஸ்எம்எஸ் மேல்தான் வர வேண்டும்.

சர்வர்களில் இரண்டு எண்களையும் சமமாக வைப்பது நல்ல பழக்கம். அந்த அறிவுரையை அப்படியே லேப்டாப்புக்குக் கொண்டுவந்து இரண்டையும் 4 ஜிபி என்று போட்டுவிடுகிறார்கள். பக்கத்தில் குரோமும், கம்ப்யூட்டருக்குள்ளேயே ஒரு போனைப்போல ஓடும் எமுலேட்டரும் ஓடுகின்றன. அப்புறம் எப்படித் திறக்கும்? எக்ஸ்எம்எஸ் 256, எக்ஸ்எம்எக்ஸ் 2048 என்று எம்பி கணக்கில் இறக்கி வைத்தால் 8 ஜிபி மெஷினில் எக்ளிப்ஸ் பெரும்பாலும் எழுந்துவிடும்.

எக்ளிப்ஸ்.ஐஎன்ஐ ஃபைலில் இந்த வரிகள் "விஎம்ஆர்க்ஸ்" என்ற வரிக்குக் கீழே இருக்க வேண்டும். மேலே போட்டால் ஜேவிஎம் அவற்றைப் பார்க்காது. "மேக்ஸ்பெர்ம்சைஸ்" என்ற பழைய வரி கண்ணில் பட்டால் தயங்காமல் நீக்குங்கள். அந்த வரி அளவு குறித்த பெர்ம்ஜென் என்ற மெமரிப் பகுதி ஜாவா 8-லேயே போய்விட்டது. அதன்பிறகு அந்த வரி இருந்தாலும் ஜாவா ஓர் எச்சரிக்கையோடு விட்டுவந்தது. ஜாவா 17 அந்த வரியைக் கண்டாலே எழ மறுக்கும். "ஜாவா விர்ச்சுவல் மெஷினை உருவாக்க முடியவில்லை" என்று அப்போது வரும் செய்தியைப் பார்த்து, மெமரி குறைவு என்று பலர் தப்பாக முடிவு செய்கிறார்கள்.

இன்டெலிஜேயும் ஆண்ட்ராய்டு ஸ்டூடியோவும் இந்த எண்களைத் தனி "விஎம்ஆப்ஷன்ஸ்" ஃபைலில் வைத்துக்கொள்கின்றன. மெனுவில் போய் மாற்றிய எண் அதிகமாகி ஐடிஇ திறக்கவில்லை என்றால், மெனுவுக்கே போக வழி இருக்காது. அழித்துவிட்டு மறுபடி இன்ஸ்டால் செய்தாலும் தீராது, ஏனென்றால் அந்த ஃபைல் ஆப்டேட்டாவின் ரோமிங் ஃபோல்டருக்குள் இருக்கிறது, சாதாரணமாக அது அழிவதில்லை. ஜெட்பிரெய்ன்ஸ் அல்லது கூகுள் ஃபோல்டருக்குள் போய் அந்த ஃபைலைக் கையால் நீக்கினால் பழைய அளவுக்குத் திரும்பிவிடும்.

பேஜ் ஃபைல்

என்னைக் கேட்டால், விண்டோஸில் அதிகம் கவனிக்கப்படாத வழி இதுதான். பேஜ் ஃபைல் என்பது ரேமுக்குத் துணையாக விண்டோஸ் டிஸ்க்கில் வைத்துக்கொள்ளும் ஃபைல். விண்டோஸ் தருவதாக ஒப்புக்கொள்ளும் மொத்த மெமரி ரேமும் பேஜ் ஃபைலும் சேர்ந்த அளவு. அதைத் தாண்டி ஒரு பைட்டும் ஒப்புக்கொள்ளாது. டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மென்ஸ் பக்கத்தில் மெமரியைத் திறந்தால் "கமிட்டட்" என்ற இடத்தில் சாய்கோடு போட்ட இரண்டு எண்கள் தெரியும். இடது எண் வலது எண்ணை ஒட்டி நின்றால், ரேமில் இடம் காலியாக இருப்பதுபோலத் தெரிந்தாலும் புதிதாகத் திறக்கும் ஐடிஇ விழலாம்.

கம்ப்யூட்டர் வேகமாகும் என்று யாரோ சொன்னதைக் கேட்டுப் பேஜ் ஃபைலை அணைத்து வைத்திருப்பவர்கள் அதை மீண்டும் "சிஸ்டம் மேனேஜ்ட்" நிலைக்கு மாற்றினாலே பல கேஸ்கள் முடிந்துவிடும். சி டிரைவ் நிரம்பியிருந்தாலும் இதே கோளாறு வரும். பேஜ் ஃபைல் வளர இடம் இருக்காது, பிழை மட்டும் மெமரி என்று சொல்லும். டவுன்லோட்ஸ் ஃபோல்டரைக் காலி செய்ததும் ஐடிஇ திறந்தால் ஆச்சரியப்பட வேண்டாம். செலவு இல்லை என்பது இந்த வழியின் பலம். உண்மையிலேயே ரேம் போதாத மெஷினில் எல்லாம் திறக்கும், ஆனால் ஒவ்வொரு கிளிக்கும் இழுக்கும்.

லினக்ஸின் போக்கு வேறு. கேட்டதைப் பொதுவாகத் தருவதாகச் சொல்லிவிட்டு, நெருக்கடி வரும்போது கெர்னல் ஒரு புரோசஸைப் பிடித்துக் கொன்றுவிடும். ஜன்னல் ஒரு செய்தியும் இல்லாமல் மறையும். "டிமெசேஜ்" கட்டளை கொடுத்தால் "அவுட் ஆஃப் மெமரி" என்று தடயம் கிடைக்கும். அங்கே ஸ்வாப் ஃபைல் சேர்ப்பது, விண்டோஸில் பேஜ் ஃபைல் செய்யும் அதே வேலையைச் செய்யும்.

ரேம் வாங்குவது

8-லிருந்து 16 ஜிபிக்குப் போவதுதான் ஆண்ட்ராய்டு வேலைக்கு நிலையான தீர்வு. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் கடைக்குப் போகும் முன் லேப்டாப்பில் ஸ்லாட் இருக்கிறதா என்று பாருங்கள். மெல்லிய மாடல்கள் பலவற்றில் ரேம் போர்டோடு சால்டர் செய்யப்பட்டிருக்கும்.

32 பிட் ஜாவாவில் ஓடும் பழைய எக்ளிப்ஸுக்கு எவ்வளவு ரேம் போட்டாலும் வீண். 32 பிட் விண்டோஸில் ஒரு புரோசஸுக்குக் கிடைக்கும் முகவரி இடம் பொதுவாக 2 ஜிபிதான். ஹீப் தொடர்ச்சியான ஒரே துண்டாக வேண்டும் என்பதால் நடைமுறையில் சுமார் 1.5 ஜிபியில் முட்டிக்கொள்ளும். எக்ளிப்ஸே 2018 டிசம்பர் பதிப்போடு 32 பிட்டைக் கைவிட்டுவிட்டது. மெஷின் 64 பிட் என்றால் ஐடிஇயையும் ஜாவாவையும் சேர்த்து மாற்றிவிடுங்கள்.

வேறு எடிட்டருக்குப் போவது

விஎஸ் கோட் இலகுவானது என்பது உண்மை. பைத்தானுக்கும் ஜாவாஸ்கிரிப்ட்டுக்கும் தாராளமாகப் போகலாம். ஜாவாவுக்கு எதிர்பார்த்த அளவு மிச்சமாகாது. அங்கே ரெட் ஹேட்டின் ஜாவா எக்ஸ்டென்ஷன் பின்னணியில் ஓட்டுவது எக்ளிப்ஸின் ஜாவா கருவித்தொகுப்பான ஜேடிடியை வைத்துக் கட்டிய சர்வரைத்தான். அதுவும் ஒரு ஜேவிஎம், அதற்கும் ஓர் எக்ஸ்எம்எக்ஸ் உண்டு.

ஆண்ட்ராய்டு பழகுபவர்களுக்கு எடிட்டரை மாற்றுவதைவிட, ஸ்டூடியோவைச் சுற்றி ஓடுபவற்றைக் குறைப்பதில்தான் லாபம். ஆப்பை பில்ட் செய்யப் பின்னணியில் ஓடும் கிரேடில் டீமன் தனி ஜேவிஎம். வேலை இல்லாவிட்டாலும் 3 மணி நேரம் உட்கார்ந்திருக்கும். ஸ்டூடியோ விழுந்து மறுபடி திறக்கும்போது பழைய டீமன் மெமரியைப் பிடித்துக்கொண்டே இருக்கலாம். டாஸ்க் மேனேஜரில் மிஞ்சியிருக்கும் ஜாவா புரோசஸ்களை முடித்துவிட்டுத் திறந்து பாருங்கள். எமுலேட்டருக்குப் பதிலாக யுஎஸ்பி டீபக்கிங்கை ஆன் செய்து சொந்த போனிலேயே ஆப்பை ஓட்டினால், எமுலேட்டர் விழுங்கும் ஓரிரண்டு ஜிபி ஸ்டூடியோவுக்கே கிடைக்கும்.