"போர்டு போயிருச்சுங்க" என்று கடையில் சொன்னால் உடனே தலையாட்டிவிடாதீர்கள்

ஈரோட்டில் கல்யாண ஆல்பம் டிசைன் செய்து பிழைக்கிறவன் நான். ஆடி மாதம் எங்களுக்கு ஓய்வு. முகூர்த்தம் கிடையாது, ஸ்டூடியோக்காரர்கள் யாரும் போன் போட்டு நச்சரிக்க மாட்டார்கள். கம்ப்யூட்டரைப் பிரித்து மேய இதைவிட நல்ல சமயம் கிடைக்காது என்று ப்ராசஸரை மாற்ற உட்கார்ந்தேன். அது ஆவணி முதல் முகூர்த்தம் வரை இழுத்துவிட்டது. நடுவில் ஒரு கடையில் நன்றாக ஏமாந்தேன். கடையின் பெயரைச் சொல்லப் போவதில்லை. பாதிப் பணத்துக்கு மேல் திரும்ப வந்துவிட்டது. அது போக, அங்கே வேலை பார்க்கும் ஒரு பையனுக்கு என்னால் தொந்தரவு வரக்கூடாது.

மெஷின் 2019 கடைசியில் வாங்கியது. பி450 மதர்போர்டு (எல்லா உதிரிகளும் சொருகும் பலகை, சுருக்கமாக போர்டு), ரைசன் 3 2200ஜி ப்ராசஸர், 8 ஜிபி ரேம் இரண்டு, அப்புறம் சேர்த்த ஜிடிஎக்ஸ் 1650 கிராபிக்ஸ் கார்டு. ஐந்தாறு வருடம் சோறு போட்ட மெஷின். ஆனால் இப்போது வரும் கேமராக்களின் ரா ஃபைல்களை (கேமரா பதிவு செய்த மூலப் படங்கள்) ஒரு கல்யாணத்துக்கு ஆயிரம் என்று கொடுத்தால், படம் திருத்தும் லைட்ரூம் சாஃப்ட்வேர் மூச்சு வாங்குகிறது. எக்ஸ்போர்ட் போட்டுவிட்டு டீ குடித்து வந்தாலும் பாதிதான் முடிந்திருக்கும். போர்டில் ப்ராசஸர் உட்காரும் சாக்கெட் அதே ஏஎம்4தானே, 6 கோர் உள்ள ரைசன் 5 5600 போட்டால் போதும் என்று ஆன்லைனில் வாங்கினேன். கூடவே ஒரு என்விஎம்இ எஸ்எஸ்டியும் (வேகமான சேமிப்பு டிஸ்க்) வாங்கினேன். இரண்டையும் ஒரே மூச்சில் மாட்டியது என் முதல் தப்பு. ஒன்றை மாட்டி, ஓடுகிறதா என்று பார்த்துவிட்டு அடுத்ததைத் தொட்டிருக்க வேண்டும்.

இரண்டாவது தப்பு இன்னும் மோசம். ப்ராசஸரின் மேல் இருக்கும் கூலரைக் கழற்றும்போது, இரண்டுக்கும் நடுவே வெப்பம் கடத்தத் தடவிய பேஸ்ட் காய்ந்து ஒட்டிப்போயிருந்தது. நேராக மேலே இழுத்தேன். டக் என்று சத்தம். சாக்கெட்டின் லீவர் பூட்டியபடியே இருக்க, ப்ராசஸரும் கூலரோடு சேர்ந்து வந்துவிட்டது. ஏஎம்4 ப்ராசஸரின் அடியில் 1331 கம்பிகள், ஒவ்வொன்றும் தலைமுடி மாதிரி. லென்ஸ் வைத்துப் பார்த்தேன், எதுவும் வளையவில்லை. ஆனால் அந்த டக் சத்தம் மனதில் அப்படியே தங்கிவிட்டது. (கழற்றுவதற்கு முன் மெஷினைப் பத்து நிமிடம் ஓட்டிச் சூடாக்கி, கூலரை இடம் வலமாகத் திருகி எடுக்க வேண்டுமாம். யாராவது முன்னாலேயே சொல்லியிருக்கலாம்.)

புது ப்ராசஸரைப் போட்டு ஆன் செய்தேன். ஃபேன் சுற்றுகிறது, கீபோர்டு விளக்கு எரிகிறது, மானிட்டரில் மட்டும் ஒன்றும் வரவில்லை. போர்டின் ஓரத்தில், தடங்கல் எங்கே என்று காட்ட நான்கு பொடி விளக்குகள் உண்டு: சிபியு (ப்ராசஸர்), டிராம் (ரேம்), விஜிஏ (கிராபிக்ஸ் கார்டு), பூட் (விண்டோஸ் கிளம்பும் டிஸ்க்). அதில் சிபியு விளக்கு சிவப்பாக எரிந்து அப்படியே நின்றது. ரேமைக் கழற்றி மாட்டினேன், போர்டில் இருக்கும் சின்ன பேட்டரியை எடுத்துப் போட்டேன், புது எஸ்எஸ்டியையும் கழற்றிப் பார்த்தேன். ம்ஹூம். எங்கேயோ ஏதோ உடைத்துவிட்டோம் என்ற பயம் வந்துவிட்டது. பழைய ப்ராசஸரைத் திரும்பப் போட்டுப் பார்க்கலாம் என்று தோன்றியதுதான், ஆனால் பேஸ்ட் தீர்ந்திருந்தது, கையும் நடுங்கியது. கேபினெட்டைத் தூக்கி வண்டியில் வைத்துக்கொண்டு கடைக்குப் போய்விட்டேன்.

மறுநாள் மதியம் கடைக்காரரே போன் செய்தார். "அண்ணா, போர்டு போயிருச்சுங்க. நீங்க ப்ராசஸர் மாத்தறப்ப ஷார்ட் ஆயிருக்குதுங்க. நல்லவேளை, ப்ராசஸர் தப்பிச்சுதுங்க."

அந்த டக் சத்தம் காதில் கேட்டது. நான் எதுவும் கேட்கவில்லை. எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்றுகூடக் கேட்கவில்லை. குற்ற உணர்ச்சியோடு வருகிற வாடிக்கையாளரை ஏமாற்றுவது எவ்வளவு சுலபம் என்று இப்போது புரிகிறது. பி550 போர்டு 8,500, விண்டோஸ் போட 800, சர்வீஸ் 500, பழைய போர்டை எடுத்துக்கொள்வதற்கு 300 கழிவு. மொத்தம் 9,500 ரூபாய். ஜிபேயில் அனுப்பினேன். பில் என்று ஒரு எஸ்டிமேட் தாளில் எழுதிக் கொடுத்தார்கள். ஜிஎஸ்டி எண் இல்லை, சீரியல் எண் இல்லை, "மதர்போர்டு 1" என்று மட்டும் இருந்தது.

வீட்டுக்கு வந்து ஆன் செய்தால் மெஷின் பறக்கிறது. சந்தோஷம் ஒரு நிமிடம்தான். டெஸ்க்டாப் காலியாக இருந்தது. சி டிரைவை ஃபார்மட் அடித்துப் புதிதாக விண்டோஸ் போட்டிருந்தார்கள். ஒரு வார்த்தை கேட்கவில்லை. டி டிரைவில் இருந்த படங்கள் தப்பின. டெஸ்க்டாப்பில் வைத்திருந்த, வேலை பாதியில் இருந்த இரண்டு ஆல்பங்களின் ஃபோட்டோஷாப் பிஎஸ்டி ஃபைல்களும், பல வருடமாகச் சேர்த்த பாமினி தமிழ் ஃபாண்ட்களும் போயின. ரெகவரி சாஃப்ட்வேர் போட்டுப் பார்த்தேன். ஃபைல் பெயர்கள் வரிசையாக வருகின்றன, திறந்தால் உள்ளே வெறும் பூஜ்யம். பழைய ஹார்ட் டிஸ்க்கில் ஃபார்மட் அடித்தால்கூட மேலே வேறு எதுவும் எழுதாத வரை மீட்க வழி உண்டு. என் சி டிரைவ் எஸ்எஸ்டி; அதில் ட்ரிம் என்று ஒன்று இருக்கிறது. அழித்த இடத்தை அதுவே துடைத்துவிடும். டெஸ்க்டாப்பில் வேலையை வைக்காதே என்று மற்றவர்களுக்குப் பாடம் எடுக்கிறவன் நான்தான், அதையும் சொல்லிவிடுகிறேன்.

எரிச்சலில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ரேம் 16 ஜிபி, சரி. ஆனால் "சொருகியது 2/2" என்று காட்டியது. என் போர்டில் நான்கு இடம் உண்டு. புதுசில் எப்படி இரண்டு? வேகம் 2666. என்னுடையது 3200. உடனே யார் மேலும் பழி போட வேண்டாம் என்று நினைத்தேன், ஏனென்றால் பயாஸில் (ஆன் செய்ததும் முதலில் ஓடும், போர்டிலேயே இருக்கும் சாஃப்ட்வேர்) எக்ஸ்எம்பி என்ற ரேம் வேக செட்டிங்கைப் போடாவிட்டால் நல்ல ரேமும் குறைந்த வேகத்தில்தான் ஓடும். பயாஸுக்குள் போய்ப் பார்த்தேன். 3200க்கான ப்ரொஃபைலே இல்லை. பக்கவாட்டு மூடியைக் கழற்றினேன். என் ரேமுக்குச் சிவப்புத் தகடு உண்டு. உள்ளே இருந்தது தகடில்லாத பச்சைப் பட்டை இரண்டு. போர்டின் மேல் அச்சடித்திருந்தது ஏ520. பி550 அல்ல. பி550 விலைக்கு அதைவிடக் கீழ் ரகம்.

எங்கள் தொழிலில் ஒரு பழக்கம், எதைத் தொட்டாலும் முதலில் படம் எடுத்துக்கொள்வது. ப்ராசஸரைக் கழற்றுவதற்கு முன், எந்த வயர் எங்கே போகிறது என்று மறந்துவிடக் கூடாதே என்று உள்ளே நாலைந்து படம் எடுத்திருந்தேன். சிவப்புத் தகடு, நான்கு ஸ்லாட், போர்டின் பெயர் எல்லாம் துல்லியமாக விழுந்திருந்தன. எடுத்த தேதியும் நேரமும் ஃபைலிலேயே இருக்கின்றன.

காலேஜ் லேபில் சிஸ்டம் பார்த்துக்கொள்ளும் நண்பனுக்கு அந்தப் படங்களை அனுப்பினேன். அவன் ரேமைப் பற்றிப் பேசவே இல்லை.

"பயாஸ் எந்த வெர்ஷன்ல இருந்துச்சு மாப்ள?"

"தெரியலடா."

"பழைய ப்ராசஸரைத் திரும்பப் போட்டுப் பாத்தியா?"

பதில் சொல்லவில்லை.

"போட்டிருந்தா அன்னிக்கே ஓடியிருக்கும். போர்டு சாகல. அதுக்கு அந்தப் ப்ராசஸரை அடையாளம் தெரியல, அவ்வளவுதான்."

விஷயம் இதுதான். சாக்கெட் ஒன்றாக இருந்தால் மட்டும் போதாது. போர்டில் இருக்கும் பயாஸ், அந்தப் ப்ராசஸரை அடையாளம் தெரிந்த வெர்ஷனாக இருக்க வேண்டும். ரைசன் 5000 வரிசையே 2020 நவம்பரில்தான் வந்தது; 5600 வந்தது 2022 ஏப்ரலில். என் பயாஸ் 2019ஐச் சேர்ந்தது. பி450 போன்ற பழைய 400 வரிசை போர்டுகளுக்கு 5000 ப்ராசஸர்கள் கிடையாது என்றுதான் ரைசன் தயாரிக்கும் ஏஎம்டி முதலில் சொன்னது. 2020 மே மாதம் எதிர்ப்பு கிளம்பியதும் இறங்கி வந்தது. ஆகவே பி450இல் 5600 ஓடும், ஆனால் பயாஸ் அப்டேட் செய்த பிறகுதான். பரணில் இருந்த போர்டு பெட்டியை இறக்கித் தூசு தட்டினால், அதன் மேலேயே ஸ்டிக்கர் இருக்கிறது: "ரைசன் 3000 டெஸ்க்டாப் ரெடி". 5000 என்று இல்லை. ஐந்தாறு வருடமாகத் தலைக்கு மேலேயே பதில் இருந்திருக்கிறது. அதே பெட்டியின் ஓரத்தில் போர்டின் சீரியல் எண்ணும் இருந்தது.

சரி செய்யச் செலவே இல்லை. பழைய ப்ராசஸரைப் போட்டு மெஷினை எழுப்பி, போர்டு கம்பெனியின் தளத்தில் அந்த மாடலுக்கான ஃபைலை இறக்கி, ஃபேட்32 ஆக ஃபார்மட் செய்த பென்டிரைவில் வைத்து, பயாஸுக்குள்ளிருந்தே அப்டேட் செய்ய வேண்டும். நடுவில் கரண்ட் போகாமல் பார்த்துக்கொண்டால் போதும். பிறகு புதுசை மாட்ட வேண்டியதுதான். சில போர்டுகளில் பின்னால் இதற்கென்றே ஒரு பட்டன் உண்டு, ப்ராசஸரே இல்லாமல் அப்டேட் ஆகும். அந்த நான்கு விளக்குகளும் ஓரளவுக்குத் திசை காட்டும். டிராமில் நின்றால் ஒரே ஒரு ரேமை, ப்ராசஸர் பக்கத்திலிருந்து இரண்டாவது ஸ்லாட்டில் போட்டுப் பார்க்க வேண்டும். விஜிஏயில் நின்றால் கார்டு சரியாக உட்காரவில்லை, அல்லது கார்டுக்கான பவர் வயர் விட்டுப்போயிருக்கிறது. 5600இல் உள்ளே கிராபிக்ஸ் கிடையாது என்பதையும் பலர் மறந்துவிடுகிறார்கள். மானிட்டர் வயரைப் போர்டில் சொருகினால் எத்தனை நாள் காத்திருந்தாலும் படம் வராது, கார்டில்தான் சொருக வேண்டும். படம் வந்து விண்டோஸ் மட்டும் வரவில்லை என்றால் அது வேறு கதை. பேட்டரியைக் கழற்றியதில் பயாஸ் பழைய செட்டிங்கை மறந்து, லெகஸி என்ற பழைய முறையில் போட்ட விண்டோஸை யுஇஎஃப்ஐ என்ற புது முறையில் தேடிக்கொண்டிருக்கும். அதற்குப் போய் ஃபார்மட் அடிக்கக் கூடாது.

மறுநாள் பெட்டியையும் போன் படங்களையும் எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். முதலாளி சாப்பிடப் போயிருந்தார். வேலை பார்க்கும் பையன் மட்டும் இருந்தான், இருபது வயது இருக்கும். உள்மேஜையில், கேபினெட் இல்லாமல் ஒரு போர்டு விரித்து வைத்தபடி ஓடிக்கொண்டிருந்தது. சிவப்புத் தகடு போட்ட ரேம் இரண்டு. என்னுடையது மாதிரியே இருக்கிறதே என்று பேச்சுவாக்கில் கேட்டேன். "உங்களுதுதாங்கண்ணா. பயாஸ் போட்டதும் ஓடிருச்சுங்க" என்றான். சொன்ன பிறகுதான் அவனுக்கே உறைத்தது. முகம் மாறிவிட்டது. குனிந்து ஸ்டிக்கரைப் பார்த்தேன். பெட்டியில் இருந்த அதே எண்.

முதலாளி வந்ததும் முதலில் "அது ஸ்கிராப்புக்குப் போயிருச்சுங்க" என்றார். சீரியல் எண்ணைக் காட்டினேன். "பையன் மாத்தி வெச்சுட்டானுங்க" என்றார். ரேம்? "கலந்து போச்சுங்க." குரலை உயர்த்தவில்லை. பையன் சொன்னதையும் சொல்லவில்லை. எண்ணே போதுமானதாக இருந்தது. போனில் 1915 என்று அடித்து, திரையை அவர் பக்கம் திருப்பி வைத்தேன். தேசிய நுகர்வோர் உதவி எண். முறையான பில் தராமலிருப்பது 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் நேர்மையற்ற வணிகமுறை என்றும், 5 லட்சம் வரை மாவட்ட ஆணையத்தில் கட்டணமே இல்லாமல் வழக்குப் போடலாம் என்றும் முந்தின இரவு படித்து வைத்திருந்தேன். அதைச் சொன்னதும் உட்காரச் சொல்லி டீ வந்தது. என் போர்டு, என் ரேம், 7,000 ரூபாய் கைக்கு வந்தன. மீதி 2,500 "நாங்க பாத்த வேலைக்குங்க" என்றார். என் போர்டுக்கு பயாஸ் போட்டதற்கு 500 கேட்டிருந்தால் சந்தோஷமாகவே கொடுத்திருப்பேன்.

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் நானே மாட்டினேன். முதல் தடவை ஆன் செய்ததும் புது ப்ராசஸர் என்று சொல்லி, எஃப்டிபிஎம்ஐ (பாதுகாப்புச் சாவிகளை வைத்திருக்கும் பகுதி) ரீசெட் செய்யட்டுமா, ஆம் என்றால் 'ஒய்', வேண்டாம் என்றால் 'என்' என்று கேட்டு நின்றது. டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸின் பிட்லாக்கர் வசதியைப் போட்டிருப்பவர்கள் ரெகவரி கீயைக் கையில் வைத்துக்கொள்ளாமல் அங்கே ஒய் அழுத்தாதீர்கள். எனக்கு இழக்க எதுவும் மிச்சமில்லை என்பதால் அழுத்தினேன்.

கோபிக் கல்யாணத்தின் ஆல்பத்தை மறுபடியும் முதல் பக்கத்திலிருந்து செய்து ஆவணி 6 அன்று கொடுத்தேன். இன்னொன்று இன்னும் முடியவில்லை. மீதி 2,500க்கு 1915இல் புகார் பதிந்து வைத்திருக்கிறேன். வந்தால் இங்கேயே எழுதுகிறேன்.