மேகஸ் இனோஸா, ஆல்பா எஸ்டேட்டா?

கிரேக்கத்தின் சொந்தத் திராட்சையோடு பிரெஞ்சுத் திராட்சையைச் சேர்த்து ஓக் பீப்பாயில் முதிர வைத்த சிவப்பு ஒயின் வேண்டும் என்று தேடினால், சீக்கிரமே இந்த இரண்டு பெயர்களில் வந்து நிற்போம். தெற்கே பெலோபொனீஸில் ஸ்கூராஸ் என்ற ஒயினாலையின் மேகஸ் இனோஸ், வடக்கே குளிர்ப்பிரதேசமான அமிந்தியோவில் ஆல்பா எஸ்டேட்டின் எஸ்.எம்.எக்ஸ். இரண்டையும் ஒரே ரகமாகச் சேர்த்துப் பேசுகிறார்கள். ஆனால் கலந்ததற்கான காரணமே நேரெதிர்.

மேகஸ் இனோஸ் 1986-இலிருந்து வருகிறது. 80 சதவீதம் அயோர்யிட்டிகோ என்ற கிரேக்கத் திராட்சை, 20 சதவீதம் கேபர்னே சாவிஞான் என்ற பிரெஞ்சுத் திராட்சை. அயோர்யிட்டிகோவில் பழச்சுவைக்குப் பஞ்சமே இல்லை, வழவழப்பாக இறங்கும், கொஞ்சம் தளர்ந்தே இருக்கும். அந்தத் தளர்வை இறுக்கிப் பிடிக்கத்தான் கேபர்னே. வேலையை முடித்துவிட்டு அது ஒதுங்கியும் கொள்கிறது.

ஆல்பாவில் சங்கதி வேறு. அங்கே உள்ளூர்க்காரர் சினோமாவ்ரோ என்ற திராட்சை. புளிப்பும் துவர்ப்பும் தூக்கல், நிறம் மட்டும் வெளிர், அதுவும் சில வருடங்களில் செங்கல் நிறத்துக்குப் போய்விடும். இளசாகக் குடித்தால் ஈறு வரை இழுத்துப் பிடிக்கும். அதனால் இதற்குத் தேவை விறைப்பு இல்லை, சதைப்பிடிப்பும் நிறமும்தான். சரி, அதற்காகப் பிரெஞ்சுத் திராட்சைகளான சிராவை 60 சதவீதமும் மெர்லோவை 20 சதவீதமும் ஊற்றினால்? ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை விரட்டிய கதைதான். திறந்து அரை மணி நேரம் விட்டுப் பாருங்கள், சினோமாவ்ரோவுக்கே உரிய தக்காளி, ஆலிவ் வாசனை மெல்ல எட்டிப் பார்க்கும், கடைசியில் ஒரு புளிப்பும் நிற்கும். அதற்கு முன்னால், லேபிளை மறைத்துக் கொடுத்தால் பிரான்சின் ரோன் பக்கத்து ஒயின் என்றுதான் பலரும் சொல்வார்கள். நல்ல ஒயின்தான், அதில் குறையில்லை, ஆனால் கிரேக்கம் எங்கே என்று கேட்கத் தோன்றுகிறது.

இரண்டுமே பிரெஞ்சு ஓக்தான். மேகஸில் மரவாடை பழத்துக்குப் பின்னால் நிற்கும், ஆல்பாவில் முதல் சில வருடங்கள் வனிலாவும் புகையும் முந்திக்கொள்ளும்.

லேபிளில் பெலோபொனீஸின் பேர்பெற்ற ஒயின் பகுதியான நெமியாவின் பெயர் இல்லையே, மட்டமான சரக்கோ என்று மேகஸைத் தள்ளிவிடாதீர்கள். அந்தப் பெயரைப் போட 100 சதவீதம் அயோர்யிட்டிகோ இருந்தாக வேண்டும், கலந்தால் போட முடியாது, அதனால்தான் மேகஸில் பெலோபொனீஸ் என்று இருக்கிறது. இந்தக் கெடுபிடி எல்லா இடத்திலும் இல்லை. வடக்கே ஹல்கிடிகியின் மெலிட்டன் சரிவுகளில் லிம்னியோ என்ற கிரேக்கத் திராட்சையோடு கேபர்னேயைக் கலந்தாலும் ஊர்ப்பெயர் போட்டுக்கொள்ளலாம்.

எதுவானாலும் 16 முதல் 18 டிகிரிக்குள் குளிர்வித்து ஊற்றுங்கள். நம் ஊர் அறை வெப்பத்தில் ஊற்றினால் சாராய நெடிதான் முதலில் வரும்.

என் ஓட்டு மேகஸுக்கு, அதுவும் தணலில் சுட்ட ஆட்டுக்கறி பக்கத்தில் இருந்தால் யோசிக்கவே வேண்டாம். சிரா பிரியர்கள் ஆல்பாவை எடுக்கலாம். சினோமாவ்ரோவின் முகத்தைப் பார்க்க வேண்டும் என்பவர்கள் இரண்டையும் விட்டுவிட்டு, கிர்-யானி ஒயினாலையின் ராம்னிஸ்டா மாதிரி, கலப்பில்லாத சினோமாவ்ரோவில் செய்த நவூசா பகுதி ஒயின் ஒன்றை வாங்குங்கள், கூடவே கொஞ்சம் பொறுமையும் வேண்டும்.