எம்.எஸ். நோய்க்கு எந்த ரத்தப் பரிசோதனை: சி.ஆர்.பி.யா, என்.எஃப்.எல்.லா?

எம்.எஸ். (மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ்) என்பது நோய் எதிர்ப்பு மண்டலமே மூளை, தண்டுவட நரம்புகளின் உறையைத் தாக்கும் நோய். அறிகுறிகள் புதிதாக வெடிக்கும் தாக்குதலின்போதும், உடலில் அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. பெரும்பாலும் நார்மலாகவே வரும். அது கல்லீரல் சுரக்கும் புரதம். மூளை, தண்டுவடத்துக்குள் நடக்கும் அழற்சி அதை அவ்வளவாக அசைப்பதில்லை. அதனால் 'சி.ஆர்.பி. நார்மல், நோய் அடங்கிவிட்டது' என்று முடிவுகட்டுவது தவறு. ஆனாலும் அது வீண் டெஸ்ட் அல்ல. திடீரென்று கால் தளர்ந்து, சி.ஆர்.பி.யும் எகிறியிருந்தால் முதலில் சிறுநீர்த் தொற்றைத் தேடுங்கள். காய்ச்சல் சூட்டில் மைலின் என்ற உறை உரிந்த நரம்பின் கடத்தல் தடுமாறி, பழைய அறிகுறி தலைதூக்கும். இந்தப் போலித் தாக்குதலுக்கு ஸ்டீராய்டு கொடுத்தால் தொற்றுதான் வளரும்.

என்.எஃப்.எல். (நியூரோஃபிலமென்ட் லைட் செயின்) அளப்பது அழற்சியை அல்ல, அது உண்டாக்கிய சேதத்தை: சிதைந்த நரம்பிழையிலிருந்து கசியும் புரதம். தாக்குதலுக்குப் பிறகு ஏறி, இறங்க மாதங்கள் பிடிக்கும். அளவு மில்லிலிட்டருக்குப் பிக்கோகிராம் (கிராமில் லட்சம் கோடியில் ஒரு பங்கு) கணக்கில். சாதாரண எலைசா கருவிக்கு எட்டாது, சிமோவா போன்ற நுண்ணுணர்வுக் கருவி வேண்டும். வயதும் சிறுநீரகக் கோளாறும் இதை ஏற்றிக் காட்டும், உடல் பருமன் குறைத்துக் காட்டும். தலையில் அடிபட்டாலும் ஏறும். ஒற்றை ரிசல்ட்டால் பெரிய பயனில்லை. ஒரே லேபில், ஒரே முறையில் எடுத்த தொடர் அளவுகளைத்தான் எம்.ஆர்.ஐ.யோடு வைத்துப் பார்க்க வேண்டும்.