வீட்டிலிருந்தே வேலை: ஏலத் தளமா, அறிவிப்புப் பலகையா, தமிழ்க் குழுவா?

காட்பாடியிலிருந்து ரயிலில் சென்னை சுமார் 130 கிலோமீட்டர், பெங்களூரு சுமார் 230 கிலோமீட்டர். வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களில் கணினி படித்தவர்களுக்கு இந்த இரண்டு ஊர்களை விட்டால் வேறு வழியில்லை என்றிருந்த நிலை 2020க்குப் பிறகு ஓரளவு மாறியிருக்கிறது. ஊரில் இருந்துகொண்டே வெளிநாட்டு நிறுவனத்துக்கு வேலை செய்ய விரும்புவோருக்கு இணையத்தில் துணைகள் ஏராளம். அவற்றில் எதற்கு முதலில் நேரம் ஒதுக்குவது என்பதைத் தீர்மானிக்க, எங்கே வேலைகள் அதிகம் என்று எண்ணுவதைவிட, அங்கே காசு கட்டுவது யார் என்று பார்ப்பது நல்லது என்பேன்.

தனியாளாக வேலை செய்பவரையும் வாடிக்கையாளரையும் இணைக்கும் அப்வொர்க், ஃபைவர் போன்ற ஏலத் தளங்களில் கட்டுவது பெரும்பாலும் நாம்தான். அப்வொர்க்கில் விண்ணப்பம் அனுப்பவே 'கனெக்ட்ஸ்' எனப்படும் புள்ளிகள் வேண்டும். ஒரு புள்ளியின் விலை 15 சென்ட், ஒரு விண்ணப்பத்துக்குப் பல புள்ளிகள் செலவாகும், வேலை இன்னொருவருக்குப் போய்விட்டால் அவை திரும்பி வருவதில்லை. ஃபைவரில் அப்படி முன்செலவு இல்லை. நம் சேவையை விலையோடு எழுதி வைத்துவிட்டுக் காத்திருக்கலாம். ஆனால் ஒவ்வொரு வேலையிலும் தளம் 20 சதவீதம் எடுத்துக்கொள்கிறது. 100 டாலர் வேலைக்கு 80 டாலர்தான் கணக்கில் சேரும், அதுவும் புதியவர்களுக்கு வேலை முடிந்து 14 நாள் கழித்தே கைக்கு வரும். சின்னம் வரைதல், வசன வரி சேர்த்தல் போல ஒரே நாளில் முடியும் வேலைகளுக்கு ஃபைவரும், மாதக்கணக்கில் தொடரும் வேலைகளுக்கு அப்வொர்க்கும் பொருந்தும்.

அப்வொர்க்கின் மணிக்கணக்கு ஒப்பந்தத்தில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தளத்தின் செயலி ஏறத்தாழ 10 நிமிடத்துக்கு ஒருமுறை நம் திரையைப் படம் பிடித்து, விசைப்பலகையும் மவுஸும் எவ்வளவு இயங்கின என்பதையும் குறித்துக்கொள்கிறது. அந்தப் பதிவு இருந்தால்தான், வாடிக்கையாளர் பணம் தர மறுக்கும்போது தளம் பொறுப்பேற்கும். நாமே கையால் எழுதிச் சேர்க்கும் நேரத்துக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. மாதாந்திரப் பராமரிப்புக்காகப் பகலில் மின்சாரம் நிறுத்தப்படும் நாளில் கணினி அணைந்துவிட்டால் கூலிக்கான சான்றும் அதோடு நின்றுவிடும் என்பதால், இவ்வகை வேலையை ஏற்பவர் இன்வெர்ட்டரை வீட்டு வசதி என்று கருதாமல் தொழிற்செலவாகவே கணக்கிட வேண்டும்.

வீ ஒர்க் ரிமோட்லி, ரிமோட் ஓகே போன்ற வேலை அறிவிப்புப் பலகைகள் முதன்மையாக நிறுவனங்கள் கட்டும் கட்டணத்தில் நடப்பவை. ஓர் அறிவிப்புக்குச் சில நூறு டாலர் கட்டும் நிறுவனம் உண்மையாகவே ஆள் தேடுகிறது என்று ஓரளவு நம்பலாம். ஆனால் தொலைவிலிருந்து செய்யும் வேலை என்று போட்டிருந்தாலும், அமெரிக்காவில் வசிப்போர் மட்டும் என்ற நிபந்தனை பலவற்றில் இருக்கும். உலகில் எங்கிருந்தும் விண்ணப்பிக்கலாம் என்று தெளிவாகச் சொல்பவற்றை மட்டும் வடிகட்டிப் பார்த்தால் பட்டியல் வெகுவாகச் சுருங்கிவிடும், மிஞ்சுபவையும் பெரும்பாலும் அனுபவசாலிகளைக் கேட்பவை. நேரமும் குறுக்கே நிற்கும். நியூயார்க்கின் காலை 9 மணி நமக்குப் பருவத்தைப் பொறுத்து மாலை 6.30 அல்லது 7.30, சான் பிரான்சிஸ்கோவில் என்றால் இரவு 9.30 அல்லது 10.30. லண்டனோடு வேலை செய்பவருக்குப் பிற்பகலில் நாள் தொடங்கும். குழந்தைகள் உள்ள வீட்டுக்கு இந்த வேறுபாடு சம்பள வேறுபாட்டைவிடப் பெரியது.

இந்த நேரச் சிக்கலுக்கு ஒரு பகுதி விடை கிட்லேப் என்ற மென்பொருள் நிறுவனத்தின் கையேட்டில் இருக்கிறது. அலுவலகமே இல்லாமல் இயங்கும் அந்நிறுவனம் தன் நடைமுறைகளை யாரும் படிக்கும்படி இணையத்தில் திறந்து வைத்திருக்கிறது. எதிரில் இல்லாதவரோடு கூட்டமில்லாமல் எப்படி வேலையை நகர்த்துவது என்பதை, கட்டணம் வாங்கும் பல பயிற்சிகளைவிட அது விளக்கமாகச் சொல்கிறது. என்ன முடிந்தது, எங்கே நிற்கிறது, யார் முடிவெடுக்க வேண்டும், எப்போதைக்குள் என்று நான்கு வரி எழுதப் பழகியவருக்கு, ஆங்கிலம் பேசுவதில் உள்ள தயக்கம் பெரிய தடையாக இராது.

குழுக்களில் தரம் ஏறுமாறாக இருக்கிறது. ரெடிட் என்ற விவாதத் தளத்தின் தொலைவேலைக் குழுக்களில் பேச்சு பெரும்பாலும் அமெரிக்க ஊழியரின் கவலைகளைச் சுற்றியே நடக்கிறது. டெலிகிராம், வாட்ஸ்அப்பில் 'பகுதிநேர வேலை' என்று வரும் குழுக்களை அடியோடு தவிர்க்கச் சொல்வேன்: காணொளிக்கு விருப்பக்குறி இட்டால் போதும் என்று முதலில் சில நூறு ரூபாய் தருவார்கள், பிறகு முன்பணம் கட்டச் சொல்வார்கள், கட்டிய பணம் அதோடு போய்விடும். ஏமாந்தவர் வெட்கப்பட்டுக்கொண்டு நாளைக் கடத்தாமல் உடனே இணையக் குற்ற உதவி எண்ணான 1930இல் புகார் செய்ய வேண்டும்.

யாரும் யாருக்கும் காசு கட்டாத இடங்களும் உண்டு. 2012 முதல் கட்டற்ற மென்பொருள் (யாரும் பயன்படுத்தவும் மாற்றவும் நிரல் திறந்திருக்கும் மென்பொருள்) பற்றித் தமிழில் எழுதிவரும் கணியம் இணைய இதழும், அதைச் சூழ்ந்துள்ள தமிழ் லினக்ஸ் ஆர்வலர்களும் இலவச வகுப்புகளும் உரையாடல்களும் நடத்துகிறார்கள். தெரியாததைத் தமிழிலேயே கேட்கலாம் என்பது முதல் தலைமுறைப் பட்டதாரிக்குச் சிறிய உதவியன்று. அதைவிடப் பெரிய பயன் ஒன்று உண்டு: ஒரு கட்டற்ற திட்டத்தில் நாம் திருத்திய பிழை, அதற்கு நாம் எழுதிய விளக்கம், மூத்தவர் சுட்டிய குறை, நாம் அதை மாற்றிய விதம் எல்லாம் நம் பெயரோடு பொதுவில் நிற்கின்றன. வாடிக்கையாளர் மதிப்பீடு ஒன்றுகூட இல்லாமல் அப்வொர்க்கில் புள்ளிகளைக் கரைப்பவரைவிட, அந்த இணைப்பை விண்ணப்பத்தில் வைப்பவருக்குப் பதில் கிடைக்கும் வாய்ப்பு அதிகம். ஆகவே நிரல் எழுதும் வேலைக்குப் போகிறவர் சில மாதங்களை முதலில் இங்கே செலவிட்டு, பிறகு பலகைக்கும், கடைசியாக ஏலத் தளத்துக்கும் போவதே சரி. உடனடியாக வருமானம் தேவைப்படுபவருக்கு இந்த வரிசை ஒத்துவராது. கணக்கு எழுதுவோர், வடிவமைப்பாளர், ஒலியை எழுத்தாக்குவோர் ஆகியோருக்கும் இத்தகைய தமிழ்க் குழுக்களில் கிடைப்பது குறைவு. அவர்கள் ஃபைவரில் ஒரே ஒரு சேவையை, மாதிரி வேலை மூன்றோடு எழுதி வைத்துத் தொடங்கலாம்.