தீபாவளி ஓட்டம் நடத்துகிறீர்களா? பதிவுப் பணம் யார் கணக்கில் விழுகிறது என்று பாருங்கள்

அங்கங்கே தீபாவளி ஓட்டத்துக்குச் சுவரொட்டி வர ஆரம்பித்துவிட்டது. ஓடப் போகிறவர்களை விட, நடத்தப் போகிறவர்கள் இதைப் படித்தால் நல்லது. 2024இல் மலேசியாவில், பேராக்கின் சுங்கை சிப்புட் பக்கத்தில் எங்களுக்கு நடந்த கதை இது. நான் குழுவின் பொருளாளர். அதனால் என் முட்டாள்தனத்துக்கும் இதில் பங்குண்டு.

பள்ளிக்கூட வேனுக்குக் காசு சேர்க்கத்தான் இந்த யோசனை. ஐந்து கிலோமீட்டர், வேட்டி சேலையில் ஓடலாம், முடிவில் முறுக்கும் தேத்தண்ணியும். ஊருக்கு நடுவே போவது கூட்டரசுச் சாலை 1. அதை மூடும் அளவுக்கு நாங்கள் பெரிய ஆட்கள் இல்லை. அதனால் தோட்டத்து மேனேஜரிடம் கடிதம் வாங்கி, செம்பனைக்குள் போகும் செம்மண் சாலையைத் தேர்ந்தெடுத்தோம்.

ஏற்பாடு செய்ய ஒரு நிறுவனம் வந்தது. கட்டணம் தலைக்கு 48 வெள்ளி (ரிங்கிட்). சட்டை, பதக்கம், சிப் வைத்த நம்பர், நேரக் கணக்கு, இணையப் பதிவு எல்லாவற்றுக்கும் சேர்த்து அவர்களுக்கு 30, மீதி 18 எங்களுக்கு. பதிவுப் பக்கம் அவர்களுடையது, பணம் விழுந்ததும் அவர்கள் கொடுத்த கணக்கில். இங்கேதான் கோட்டை விட்டோம். "வாராவாரம் கணக்குப் பார்த்தா உங்களுக்குத்தான் தொந்தரவு அண்ணே, கடைசியில மொத்தமா தந்துர்றோம்" என்றான் நிறுவனத்திலிருந்து வந்த தம்பி. பேச்சு அவ்வளவு பதமாக இருந்தது. என் மனைவி அவனுக்கு இட்லி கூட வைத்துக் கொடுத்தாள்.

312 பேர் பதிந்தார்கள். எங்கள் பங்கு 5,616 வெள்ளி. நச்சரித்ததில் 1,500 வந்தது. மீதி 4,116 இன்றுவரை வரவில்லை.

ஏமாற்றத்தின் முதல் அடையாளம் ஓட்டத்துக்கு மூன்று வாரம் முன்பே தெரிந்தது. "பெர்மிட் எல்லாம் நாங்க பாத்துக்கிறோம்" என்று சொல்லியிருந்தார்கள். குழுவிலிருந்த ஒரு மாமா மட்டும், கடிதத்தைக் கண்ணால் பார்க்காமல் நம்பமாட்டேன் என்று நின்றார். போலீஸ் நிலையத்தில் கேட்டால் விண்ணப்பமே போகவில்லை. நாங்களே அலைந்து வாங்கினோம், சந்திகளில் நிற்க ரேலா தொண்டர் படைக்காரர்களையும் பிடித்தோம். 2017இல் பினாங்குப் பால மாரத்தானில் கார் மோதி ஓட்டக்காரர்கள் அடிபட்டதை மாமா மறக்கவில்லை. அவர் இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்குமோ. அந்த நேரத்திலாவது நிறுவனத்தை மாற்றியிருக்கலாம். சட்டைக்கு அளவெல்லாம் கொடுத்தாகிவிட்டது, எப்படி மாற்றுவது என்று பேசாமல் இருந்துவிட்டோம்.

தீபாவளி அந்த வருடம் 31 அக்டோபர், வியாழன். ஓட்டம் அதற்கு முந்தின ஞாயிறு. சனி ராத்திரி பத்து மணிக்கு ஒரு வேனில் பெட்டிகள் வந்தன. குத்துவிளக்கு உருவம் பொறித்த பதக்கம் என்று படம் காட்டியிருந்தார்கள். பெட்டியைத் திறந்தால் விளக்குப் படம் இருக்கிறது, ஆனால் ஸ்டிக்கர். நகத்தால் சுரண்டிப் பார்த்தேன். அடியில் கிறிஸ்துமஸ் மரமும் மணியும்! எங்கேயோ மிஞ்சிப்போன சரக்கு. பெரியவர்களுக்குக் கொடுக்கும் சட்டையில் பாதி பிள்ளைகள் அளவு.

காலையில் அந்தத் தம்பி வரவில்லை. இரண்டு பையன்களை அனுப்பியிருந்தான், அவர்களுக்கும் சம்பளம் பாக்கியாம். சிப் என்பது நம்பர் தாளின் பின்னால் ஒட்டிய ஒரு மெல்லிய பட்டைதான். அதைப் படிக்கும் பெட்டியும் ஆன்டெனாவும் முடிவுக் கோட்டில் இல்லாவிட்டால் அது வெறும் காகிதம். பெட்டியும் இல்லை, ஆன்டெனாவும் இல்லை. ஆசிரியை ஒருவர் நோட்டுப் புத்தகத்தில் வரிசையாக நம்பர் எழுதினார், பக்கத்தில் ஒருவர் கைப்பேசியில் நேரம் சொன்னார். தூரமும் கோணல்தான். முறைப்படி என்றால் சைக்கிள் சக்கரத்தில், சுற்றை எண்ணும் ஜோன்ஸ் கவுண்டர் என்ற கருவியை மாட்டி அளப்பார்கள், தூரம் குறைந்துவிடக் கூடாதென்று கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர் கூட்டியும் வைப்பார்கள். இவர்கள் கூகுள் வரைபடத்தில் கோடு இழுத்தது போல. கைக்கடிகாரம் கட்டியவர்களுக்கெல்லாம் 4.4 காட்டியது.

ஒரு பாட்டி, அந்தக் காலத்தில் பால்மரம் சீவியவர், சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு முழுத் தூரமும் நடந்து முடித்தார். வியர்வையில் ஸ்டிக்கர் கழன்று கையோடு வந்துவிட்டது. "ஏன்யா, இது நம்ம தீபாவளிதானே?" என்று கேட்டார். நான் பதில் சொல்லவில்லை.

அப்புறம்தான் தேட ஆரம்பித்தோம், முன்பே தேட வேண்டியதையெல்லாம் பிறகு தேடினோம். நிறுவனங்களைப் பதியும் ஆணையமான எஸ்எஸ்எம்மில் பார்த்தால் அந்த நிறுவனத்தின் பதிவு காலாவதியாகியிருந்தது. விளையாட்டைத் தொழிலாக நடத்தும் நிறுவனம், 1997 விளையாட்டு மேம்பாட்டுச் சட்டப்படி விளையாட்டு ஆணையரிடம் உரிமம் எடுத்திருக்க வேண்டும். அதைக் காட்டச் சொல்லிக் கேட்க வேண்டும் என்றே எங்களுக்குத் தோன்றவில்லை. பணம் போன கணக்கு ஒரு தனியாள் பெயரில். மோசடிப் புகார் உள்ள கணக்கா என்று பார்க்கும் போலீஸின் செமாக் மியூல் தளத்தில் அந்த எண்ணைப் போட்டால் சுத்தமாக இருந்தது. அதற்கு அர்த்தம், இதுவரை யாரும் புகார் கொடுக்கவில்லை என்பது மட்டும்தான். அதைப் பார்த்து நிம்மதி அடையாதீர்கள். மோசடிப் புகாருக்கான 997 எண்ணுக்கு அழைப்பது பணம் போன சூட்டோடு செய்ய வேண்டியது. எங்கள் பணம் மூன்று மாதமாகச் சொட்டுச் சொட்டாகப் போயிருந்தது.

இந்த வருடம் கேட்கிறவர்களுக்கு நான் சொல்வது: பதிவுப் பணம் உங்கள் சங்கத்தின் கணக்கிலேயே விழட்டும். நிறுவனத்துக்கு முன்பணம் கொஞ்சம், பதக்க மாதிரியைக் கையில் வாங்கிப் பார்த்ததும் கொஞ்சம், மிச்சம் ஓட்டம் முடிந்த பிறகு. இதற்கு முகம் சுளிக்கிறவர்கள் போகட்டும்.

ஒப்பந்தத்தில் கையெழுத்து என்னுடையது என்பதால் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் சிறு கோரிக்கை போட்டேன். 5,000 வெள்ளி வரை வழக்கறிஞர் இல்லாமலே போடலாம். எங்கள் தொகை அதற்குள் அடங்கியது. நோட்டீஸ் சேர்க்க ஒப்பந்தத்தில் இருந்த ஈப்போ முகவரிக்கு நானே போனேன். அங்கே ஒரு டோபி கடை. அந்தக் கடைக்கார அம்மா என்னைப் பார்த்ததும், "நீங்களும் அந்த ஓட்டத்து ஆளைத் தேடித்தான் வந்தீங்களா?" என்றார்.