மெனோபாஸ் சூட்டுக்கு சோயா: நீண்ட நாள் சாப்பிட்ட பிறகு எழுதுகிறேன்

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மாதவிடாய் நிற்கும் காலத்தில் திடீர் திடீரென்று வரும் உடல் சூட்டை சோயா எனக்குக் குறைத்தது. அடியோடு நிறுத்தவில்லை. மூட்டு வலிக்கும் பிறப்புறுப்பு வறட்சிக்கும் அதனால் ஒரு பலனும் தெரியவில்லை.

அந்தச் சூடு பட்டவர்களுக்குத்தான் தெரியும். நெஞ்சில் கிளம்பி கழுத்து, முகம், காது என்று ஏறும். மேலுதட்டில் வியர்வை முத்து முத்தாக நிற்கும். அடங்கியதும் நனைந்த முதுகில் குளிர் எடுக்கும். "வயசானா அப்படித்தான்" என்று இதை ஒதுக்கித் தள்ளுகிறவர்கள் மேல் எனக்குக் கோபம் உண்டு.

மாத்திரையாக இல்லாமல் உணவாகவே எடுத்தேன். தினமும் அரை கப் வெந்த சோயா பீன்ஸ், சில நாள் அதற்குப் பதில் டோஃபு (சோயா பனீர்). பீன்ஸை ராத்திரியே ஊறவைத்து, விரலால் நசுக்கினால் மசிகிற அளவுக்கு வேகவைக்க வேண்டும். அரைவேக்காடாக இருந்தால் வயிறு உப்பிவிடும். சோயா எண்ணெயிலும் சோயா சாஸிலும் வேலை செய்யும் பொருள் ஏறக்குறைய இல்லை, அவற்றைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

அந்தப் பொருளுக்குப் பெயர் ஐசோஃபிளேவோன். ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் போலவே அமைப்பு உள்ளதால், உடலில் அது ஒட்டும் இடங்களில் (ஏற்பிகளில்) இதுவும் போய் ஒட்டிக்கொள்ளும், ஆனால் வீரியம் மிகக் குறைவு. அதனால்தானோ என்னவோ, ஆரம்ப வாரங்களில் எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. மூன்றாம் மாத வாக்கில்தான் ராத்திரி எழுந்து நைட்டி மாற்றுவது அபூர்வமானது. பத்து நாள் சாப்பிட்டுவிட்டு "சரிப்படல" என்று விடுகிறவர்களுக்காகத்தான் இதை அழுத்திச் சொல்கிறேன்.

ஆனால் என் அக்காவும் இதே அளவு, இதே பொறுமையோடு சாப்பிட்டார். அவருக்கு ஒரு மாற்றமும் இல்லை. சிலருடைய குடல் பாக்டீரியா சோயாவில் உள்ள டெய்ட்சீன் என்ற ஐசோஃபிளேவோனை ஈக்வோல் என்ற பொருளாக மாற்றும், எல்லோருடைய குடலும் மாற்றாது. ஆளுக்கு ஆள் பலன் மாறுவதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம் என்கிறார்கள்.

ஆய்வுகளும் ஒரே குரலில் பேசவில்லை. ஐசோஃபிளேவோன் மாத்திரை ஆய்வுகளைத் தொகுத்து 2012-இல் வந்த அலசலில், ஒப்பிட்டுப் பார்க்கக் கொடுத்த, மருந்தில்லாத போலி மாத்திரையைவிட சூடு வரும் எண்ணிக்கை சுமார் 21 சதவீதம் கூடுதலாகக் குறைந்திருந்தது. 2021-இல் வந்த ஒரு சிறிய ஆய்வில், கொழுப்பு குறைந்த முழுத் தாவர உணவோடு தினம் அரை கப் சோயா பீன்ஸ் சாப்பிட்டவர்களுக்கு 12 வாரத்தில் 79 சதவீதம் குறைந்தது. அதில் உணவுமுறையே மாறியதால் முழுப் பெருமையையும் சோயாவுக்குக் கொடுக்க முடியாது. வட அமெரிக்க மெனோபாஸ் சங்கம் 2023-இல், சூட்டுக்கான சிகிச்சையாக சோயாவைப் பரிந்துரைக்கவில்லை. என் அனுபவம் அந்த 21 சதவீதத்தைவிட மேல், 79-க்கு வெகு கீழே.

தைராய்டு மாத்திரை போடுகிறவர்கள் அதையும் சோயாவையும் சில மணி நேரம் தள்ளி எடுங்கள், மாத்திரை உடலில் சேர்வதை சோயா குறைக்கும். மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள் தங்கள் டாக்டரைக் கேட்காமல் சோயா மாத்திரை பக்கம் போக வேண்டாம். அப்புறம், மாதவிடாய் நின்று ஒரு வருடம் ஆன பிறகு ரத்தக்கசிவு வந்தால், சோயாவால் இருக்கும் என்று நினைத்து நாளைக் கடத்தாமல் உடனே டாக்டரைப் பாருங்கள்.